ரத்தத்தில் வைரஸ் இல்லை, ஆனால் அண்ணனின் கணக்கு தப்புகிறது: மூளையில் எச்.ஐ.வி. பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 நதிக்கரை | ஜூன் 3, இரவு 10.42

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் அண்ணனைப் பற்றி.

அவருக்கு வயது 51. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து 12 வருடம் ஆகிறது. தெரியவந்த அன்று, எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 வெள்ளணு எண்ணிக்கை வெறும் 38. முதலில் கொடுத்த கூட்டு மருந்து சில வருடங்களில் வேலை செய்யாமல் போனது, இரண்டாம் வரிசைக்கு மாற்றினார்கள்: அட்டாசனாவிர், ரிட்டோனாவிர், டெனோஃபோவிர், லாமிவுடின். அதற்கப்புறம் நான்கு வருடமாக ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. சி.டி.4 400ஐத் தாண்டிவிட்டது. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரு வேளை மாத்திரையைக்கூட அவர் விட்டதில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அண்ணனுக்குக் கணக்கு எழுதுவது தொழில். பெரிய பேரேட்டில் பென்சிலால் கூட்டுவார். மீதி எண்ணைப் பத்தியின் தலையில் சின்னதாக எழுதிக்கொள்வது அவர் பழக்கம். இரண்டு மூன்று மாதமாக அந்த மீதி எண் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் கூட்டலில் சேரவில்லை. ஒரே பத்தியை நான்கு தடவை கூட்டுகிறார், நான்கு விடை வருகிறது. எழுத்து வர வரச் சிறுத்துக்கொண்டே போகிறது. சட்டைப் பொத்தான் போட முன்பைவிட நேரமாகிறது. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்குவதில்லை. போன வாரம் பேரேட்டை என்னிடம் திருப்பிக் காட்டி, “ஏம்மா, இந்தப் பக்கத்தை நானா எழுதினேன்?” என்று கேட்டார். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மருத்துவரிடம் சொன்னோம். “வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) நன்றாக இருக்கிறதே, மனக்கவலையாக இருக்கும்” என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் வைரஸ் இல்லாமல் மூளையில் மட்டும் இருக்க முடியுமா? நான் வீணாகப் பயப்படுகிறேனா?

#2 பதினெட்டாண்டு | ஜூன் 3, இரவு 11.20

சகோதரி, நான் 18 வருடமாக மருந்தில் இருப்பவன். முதலில் அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

மறதி என்றாலே நம் ஆட்களுக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் என் விஷயத்தில் காரணம் மருந்துதான். எஃபாவிரென்ஸ் எடுத்த வருடங்களில் கனவுகள் நிஜத்தைவிடத் துல்லியமாக வரும். விழித்தபின் பத்து நிமிடம் எது கனவு, எது நடந்தது என்று பிரிக்க முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். பகலெல்லாம் தலைக்குள் பஞ்சு அடைத்தது மாதிரி இருக்கும். அதை நிறுத்தி டோலுடெக்ராவிருக்கு மாற்றிய சில வாரங்களில் அது போய்விட்டது. டோலுடெக்ராவிரில் எனக்குத் தூக்கம் கொஞ்சம் குறைந்தது, மருத்துவரிடம் கேட்டு அதைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன், சரியானது.

உங்கள் அண்ணன் பட்டியலில் எஃபாவிரென்ஸ் இல்லை. அதனால்தான் எனக்கும் இது வேறு ஏதோ என்று தோன்றுகிறது. பொத்தானும் படியும் மனக்கவலையில் சேராது.

#3 தேடல் | ஜூன் 4, காலை 7.05

இதற்கு விடை எளிது. மூளைக்குள் நன்றாக நுழையும் மருந்துகளுக்கு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள். டெனோஃபோவிருக்கு 1, சிடோவுடினுக்கு 4. உங்கள் அண்ணனின் கூட்டில் நுழையும் திறன் குறைவான டெனோஃபோவிர் இருக்கிறது. கூட்டு மதிப்பெண் அதிகமாக வருவது போல் மாற்றச் சொல்லுங்கள். மூளையில் வைரஸ் இருக்கிறது என்றால் மூளைக்குப் போகும் மருந்துதானே வேண்டும்? எல்லா நோயாளிகளுக்கும் முதல் நாளிலிருந்தே இதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

#4 மாலைமருத்துவர் | ஜூன் 4, இரவு 9.15

நதிக்கரை, நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. தொற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நோய் முற்றிய பிறகுதான் வைரஸ் மூளைக்குப் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், தொற்றி ஏறக்குறைய 8 நாட்களே ஆனவரின் முதுகுத்தண்டு நீரிலும் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்) வைரஸ் தென்பட்டது. நம் மூளையின் ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடக்கின்றன. ரத்தத்தில் உள்ள பெரும்பாலான பொருட்கள் அதைத் தாண்ட முடியாது. ஆனால் காவல் வேலைக்காகச் சில வெள்ளணுக்களுக்கு உள்ளே போய்வர வழி உண்டு. வைரஸ் அந்தக் காவலாளிகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு போய்விடுகிறது.

உள்ளே போனதும் அது நரம்பணுக்களைப் பிடிப்பதில்லை. மூளையின் சொந்தக் காவல் செல்களான மைக்ரோக்ளியாவையும், ரத்தக் குழாயை ஒட்டி இருக்கும் மேக்ரோஃபேஜ்களையும்தான் பிடிக்கிறது. பிடிபட்ட செல்கள் வைரஸ் புரதங்களையும் அழற்சியை உண்டாக்கும் பொருட்களையும் கசியவிடுகின்றன. பக்கத்து வீடு எரியும்போது புகையில் மூச்சு முட்டுகிறவர்களைப் போல, நரம்பணுக்கள் அந்தக் கசிவில் வாடுகின்றன. கை கால் மந்தம், கணக்கில் தடுமாற்றம், யோசிக்க நேரமாவது எல்லாம் இப்படி வருவதுதான். மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளும் வெண்பகுதியும் அதிகம் அடிபடுவதால், மறதியைவிட ‘மெதுவாகிப்போவது’ முதலில் தெரியும். நீங்கள் எழுதிய பொத்தான் விஷயத்தைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இனி உங்கள் கேள்வி. ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவு என்றால் பெரும்பாலோருக்கு முதுகுத்தண்டு நீரிலும் அதே நிலைதான். ஒரு சிறு பகுதியினருக்கு அப்படி இருப்பதில்லை. ரத்தம் சுத்தமாக இருக்கும், தண்டுவட நீரில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும். இதை சி.எஸ்.எஃப். எஸ்கேப் (தண்டுவட நீரில் வைரஸ் தப்பியிருப்பது) என்கிறோம். இதிலும் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, அளவு மிகக் குறைவாக வந்து தானாகப் போய்விடும். அறிகுறியோடு வருவது அரிது. அப்படி வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் பின்னணி: சி.டி.4 ஒரு காலத்தில் மிகவும் கீழே போயிருக்கும், முன்பே மருந்து எதிர்ப்பு வந்திருக்கும், ரிட்டோனாவிர் சேர்ந்த அட்டாசனாவிர் போன்ற மருந்தில் இருப்பார்கள். உங்கள் அண்ணனுக்கு இந்த மூன்றுமே பொருந்துகிறது.

அதற்காக இதுதான் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு, பி12 குறைபாடு, சிஃபிலிஸ், மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், சின்னச் சின்னப் பக்கவாதங்கள் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அப்புறம் அந்தத் தூக்க மாத்திரை. ரிட்டோனாவிர் பல தூக்க மாத்திரைகளை உடம்பை விட்டு வெளியேறவிடாமல் தேக்கிவைக்கும். மாத்திரையின் பெயரை உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ நாளைக்கே காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பிறகு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பரிசோதனை. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தவறே இல்லை. காய்ச்சல், விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் பலமிழப்பு, இரண்டிரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள்.

தேடலுக்குத் தனியாக எழுதுகிறேன், அது பெரிய கதை.

#5 செவிலியக்கா | ஜூன் 5, மதியம் 2.30

தங்கச்சி, மருத்துவர் சொன்னதற்கு முன்னால் ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடியும், கருவி எதுவும் வேண்டாம். 2005இல் இருந்து பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நானே நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்திருக்கிறேன்.

முதலில் நான்கு சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வோம்: நாய், தொப்பி, அவரை, சிவப்பு. பிறகு பழக்கமில்லாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முடிந்த அளவு அகலமாகத் திறந்து வேகமாகத் தட்டச் சொல்லி 5 வினாடி எண்ணுவோம். அடுத்தது கை வரிசை: மேசை மேல் கையை மூடி முட்டியாக வைக்க வேண்டும், பிறகு உள்ளங்கையைப் பரப்பி வைக்க வேண்டும், பிறகு சுண்டு விரல் பக்கம் கீழே படும்படி செங்குத்தாக நிறுத்த வேண்டும். முட்டி, தட்டை, விளிம்பு. 10 வினாடியில் எத்தனை சுற்று என்று பார்ப்போம். கடைசியில் அந்த நான்கு சொற்களையும் கேட்போம். ஒவ்வொன்றுக்கும் 4 வீதம் மொத்தம் 12. 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

வீட்டில் செய்து நீங்களே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பதற்றத்திலும் தூக்கக் கலக்கத்திலும் நல்லவர்களுக்கே 9 வரும். ஆனால் ‘மனக்கவலை’ என்று சொன்னவரிடம் போய், “இந்தக் கை வரிசையைச் செய்து பாருங்கள்” என்று கேட்கலாம். கை வரிசை மாறி மாறி உடைவதைக் கண்ணால் பார்த்தபின் யாரும் மனக்கவலை என்று சொல்வதை நான் பார்த்ததில்லை.

#6 மாலைமருத்துவர் | ஜூன் 5, இரவு 10.02

தேடல் எழுதியது: *“எல்லா நோயாளிகளுக்கும் முதல் நாளிலிருந்தே இதைச் செய்திருக்க வேண்டும்.”*

உங்கள் தர்க்கம் எனக்குப் புரிகிறது, ஒரு காலத்தில் நானும் அப்படியே நினைத்தேன். அந்த மதிப்பெண் முறை 2008இல் வந்தது, 2010இல் திருத்தினார்கள். மதிப்பெண் கூடினால் தண்டுவட நீரில் வைரஸ் குறைகிறது என்பது உண்மை. ஆனால் நாம் கேட்பது வேறு: மனிதரின் சிந்தனை தெளிகிறதா? அங்கேதான் கதை மாறுகிறது. மூளைக்குப் போகும் மருந்தாகத் தேர்ந்து கொடுத்துப் பார்த்த ஒப்பீட்டுச் சோதனையில் பலன் தெரியவில்லை, 2014இல் முடிவு வெளியானது. அதே வருடம் 60,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசிய இன்னொரு ஆய்வில், அதிக மதிப்பெண் கூட்டில் இருந்தவர்களிடம் டிமென்ஷியா கூடுதலாகவே தெரிந்தது. இதை வைத்து அந்த மருந்துகள் கெடுதல் என்று முடிவு கட்ட முடியாது. ஏற்கெனவே தடுமாற்றம் இருந்தவர்களுக்கு அவற்றை அதிகம் எழுதியிருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. ரத்தத்தில் வைரஸ் அடங்கியும் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு டோலுடெக்ராவிரும் மாராவிராக்கும் கூடுதலாகச் சேர்த்துப் பார்த்தார்கள், 2023இல் அந்த முடிவும் வந்தது. பலன் இல்லை.

அறிகுறியோடு எஸ்கேப் என்று தண்டுவட நீரே காட்டிக்கொடுத்தால் நிலைமை வேறு. அப்போது மருந்தை மாற்றியே ஆக வேண்டும். எந்த மருந்து என்பதை மதிப்பெண் மட்டும் சொல்லாது. அந்த நீரில் இருக்கும் வைரஸ் எதற்கெல்லாம் பழகிவிட்டது என்ற எதிர்ப்புப் பரிசோதனை சொல்லும்.

#7 தேடல் | ஜூன் 6, காலை 6.50

60,000 பேரின் ஆய்வு எனக்குத் தெரியாது. நன்றி டாக்டர். ‘எல்லோருக்கும்’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி: படித்த இடங்களில் எல்லாம் எச்.ஐ.வி. உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மூளைப் பாதிப்பு என்று போட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு என்றால் இது அரிது இல்லையே?

#8 பதினெட்டாண்டு | ஜூன் 6, காலை 8.15

அந்தப் ‘பாதிப் பேர்’ கணக்கைப் பற்றி நான் பேசுகிறேன், டாக்டர் பிழை இருந்தால் திருத்தட்டும்.

2010இல் அமெரிக்காவில் 1,555 பேரைச் சோதித்து வந்த எண்ணிக்கை அது: 52 விழுக்காடு. செய்தியாக வந்தபோது அந்த எண் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அதில் பெரும் பங்கு தாளில் மதிப்பெண் குறைந்தவர்கள், அன்றாட வாழ்வில் அவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. முழு டிமென்ஷியா 2 விழுக்காடுதான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் பல வருடம், சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும் ஒவ்வொரு தடவையும் ‘ஆரம்பித்துவிட்டது’ என்றே நினைத்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோது அதையும் காரணம் காட்டி விலகினேன். அந்த எண்ணிக்கை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

2023இல் நிபுணர்கள் கூடி, மதிப்பெண் குறைவதை மட்டும் வைத்து யாருக்கும் மூளைக் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது, வைரஸால் வந்த பாதிப்பையும் மற்ற காரணங்களால் வந்ததையும் பிரித்துப் பேச வேண்டும் என்று எழுதினார்கள். அதை என் கவுன்சிலர் அச்சிட்டுக் கொடுத்தார். இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

ஆகவே நன்றாக இருக்கிறவர்கள் இந்த இழையைப் படித்துப் பயந்துபோக வேண்டாம். அண்ணனுக்கு நடப்பது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். அது வேறு.

#9 மட்டுறுத்துநர் | ஜூன் 6, காலை 9.00

நினைவூட்டல்: பரிசோதனை அறிக்கைகளைப் படம் எடுத்துப் போட வேண்டாம், பெயரும் எண்ணும் தெரிந்துவிடும். மருந்தை நிறுத்தச் சொல்லி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

#10 கடல்மணல் | ஜூன் 6, இரவு 11.48

அண்ணனின் கதை வேறு, என் வீட்டில் நடந்தது வேறு. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிவதற்கு முன்பே தலைவலி தொடங்கிவிட்டது. மூன்று வாரம். வலி மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும். வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு ஒரு நாள் பக்கத்து அறையில் இருக்கும் என் பெயரை மறந்து, “அங்கே யார்?” என்றார். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வந்த மூளை உறைக் காய்ச்சல். சி.டி.4 அப்போது 22.

முதுகில் ஊசி போட்டார்கள். நீரின் அழுத்தம் அளவுகோலின் உச்சி வரை ஏறியதைப் பார்த்தேன். கொஞ்சம் நீரை வடியவிட்டதும், படுத்த வாக்கிலேயே, “வலி போய்விட்டது” என்றார். மூன்று வாரமாக நெரிந்த நெற்றி அந்த நிமிடம் விரிந்ததை நான் மறக்கமாட்டேன். மறுநாள் அழுத்தம் மறுபடி ஏறியது, மறுபடி எடுத்தார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 9 வருடம் ஆகிறது.

இப்போது சிகிச்சை மாறிவிட்டது என்கிறார்களே, டாக்டர், அதைக் கொஞ்சம் சொல்லுங்கள். வேறொருவருக்குப் பயன்படட்டும்.

#11 மாலைமருத்துவர் | ஜூன் 7, காலை 6.30

கடல்மணல் அம்மா, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்திருக்கும் என்று தெரிகிறது.

ஆமாம், மாறிவிட்டது. முன்பு ஆம்ஃபோடெரிசின் மருந்தை நாள்தோறும் இரண்டு வாரம் வரை ஏற்றுவோம், சிறுநீரகம் அடிபடும், ரத்தம் குறையும். 2022இல் வெளியான பெரிய ஆப்பிரிக்கச் சோதனையில், கொழுப்புறையிட்ட ஆம்ஃபோடெரிசினை எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு தடவை ஏற்றி, ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் 14 நாள் கொடுத்தாலே போதும் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் அதே வருடம் அதை முதல் தேர்வாக்கியது. அழுத்தம் ஏறும்போதெல்லாம் நீரை வடிப்பது அன்றும் இன்றும் உயிர் காக்கும் சிகிச்சைதான், உங்கள் கணவருக்கு அதைச் செய்தது சரியே.

இன்னொன்று: இந்த நோயில் எச்.ஐ.வி. மருந்தை அவசரப்பட்டு உடனே தொடங்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தி திடீரென்று விழித்து மூளையிலேயே சண்டையைக் கிளப்பும். பூஞ்சை மருந்து தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் தொடங்குகிறோம். காசநோய் மூளை உறைக் காய்ச்சலிலும் இப்படிப் பொறுத்தே தொடங்குவோம். மற்றபடி எச்.ஐ.வி. தெரிந்த அன்றே மருந்தைத் தொடங்கலாம் என்பதுதான் விதி, இவை விதிவிலக்குகள்.

சி.டி.4 100க்குக் கீழே உள்ளவர்களுக்குத் தலைவலி வருவதற்கு முன்பே ரத்தத்தில் இந்தப் பூஞ்சையின் ஆன்டிஜெனை (பூஞ்சை இருப்பதைக் காட்டும் அதன் பொருளை) தேடலாம். 200க்குக் கீழே உள்ளவர்களுக்கும் பார்ப்பது நல்லது. விரல் நீளப் பட்டை ஒன்று, பத்து நிமிடம். அதில் தெரிந்தால் மூளைக்குப் போகும் முன்பே தடுத்துவிடலாம்.

#12 நுண்ணோக்கி | ஜூன் 7, மதியம் 1.10

நான் ஆய்வகத்தில் இருப்பவன். நதிக்கரைக்கு ஒரே ஒரு விஷயம். தண்டுவட நீரில் வைரல் லோடு பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் செல், சர்க்கரை, புரதம் மட்டும் பார்த்துவிட்டு மீதியை வைத்திருக்கமாட்டார்கள். அதே நாளில் ரத்தத்திலும் வைரல் லோடு எடுக்க வேண்டும். ஒன்றை ஜூனிலும் மற்றொன்றை ஆகஸ்டிலும் எடுத்தால் ஒப்பிட முடியாது. எதிர்ப்புப் பரிசோதனைக்கு ஒரு குழாயை உறைய வைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை ஊசி குத்துவதைத் தவிர்க்கலாம்.

#13 நதிக்கரை | ஜூன் 24, இரவு 9.35

தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் ஒவ்வொருவரின் பதிவையும் தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோனேன்.

தூக்க மாத்திரையை மருத்துவரே நிறுத்திவிட்டார். அதனால் பகல் மயக்கம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. செவிலியக்கா சொன்ன கை வரிசையில் அண்ணன் முட்டி, தட்டை வரை வந்து அங்கேயே நின்றார். மறுபடி முட்டி. மறுபடி தட்டை. மொத்தம் 7. எங்களை நரம்பியலுக்கு அனுப்பினார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் இரண்டு பக்கமும் வெண்பகுதியில் பரவலான மாற்றம். முதுகில் ஊசி போட்ட அன்று நான் கூடவே இருந்தேன். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தண்டுவடமே முடிந்துபோன இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள், நரம்பை ஊசி கிழிக்காது என்று மருத்துவர் முதலில் விளக்கியதில் அண்ணனின் பிடி தளர்ந்தது. நீர் தண்ணீரைப் போலத் தெளிவாகச் சொட்டியது. நான்கு குழாய். நான்காவதை உறைய வைக்க எடுத்துப்போனார்கள், நுண்ணோக்கிக்கு நன்றி. இரண்டு நாள் தலைவலி இருந்தது, படுத்தால் குறைந்தது, பிறகு போய்விட்டது.

முடிவு: ரத்தத்தில் வைரஸ் 40க்குக் கீழே. அதே நாள் தண்டுவட நீரில் 2,300. செல்கள் 26, புரதம் அதிகம். பூஞ்சை, காசநோய், சிஃபிலிஸ், மூளையைத் தாக்கும் ஜே.சி. வைரஸ் எதுவும் இல்லை. பி12, தைராய்டு சரி. எதிர்ப்புப் பரிசோதனையில் லாமிவுடினுக்கு எதிரான மாற்றமும் வேறு சிலவும் இருந்தன.

நான்கு வருடம் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டாரே. அதற்கு என்ன அர்த்தம்?

#14 மாலைமருத்துவர் | ஜூன் 24, இரவு 10.20

அவர் விடாமல் சாப்பிட்டதால்தான் ரத்தத்தில் அது அடங்கியிருக்கிறது, சி.டி.4 38இலிருந்து 400க்கு வந்திருக்கிறது, கடல்மணல் அம்மா எழுதியதைப் போன்ற எதுவும் அவருக்கு வரவில்லை. அவர் மேல் துளியும் பிழை இல்லை. இதை அவரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

மூளைக்குள் மருந்து பாதியளவு மட்டும் போய்ச்சேரும்போது, சாகாமலும் முழுதாகப் பெருகாமலும் இருக்கும் வைரஸ் மெல்ல மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள பம்புகள் சில மருந்துகளை உள்ளே வந்த வேகத்திலேயே வெளியே தள்ளிவிடும். கூட்டில் லாமிவுடின் ஏற்கெனவே பலமிழந்திருந்ததால், மூளைக்குள் முழுப் பாரமும் சரியாக நுழையாத மற்ற மருந்துகள் மேல் விழுந்தது.

நல்ல செய்தி, இது சிகிச்சைக்குப் பதில் தரும் நிலை. வாரங்கள், மாதங்கள் ஆகும்.

#15 தேடல் | ஜூன் 25, காலை 7.30

அப்படியானால் மைக்ரோக்ளியாவிலிருந்து வைரஸை முழுதாக விரட்டும் நாள் வராதா?

#16 மாலைமருத்துவர் | ஜூன் 25, இரவு 9.40

இப்போதைக்கு வழியில்லை. மைக்ரோக்ளியா பல வருடம் உயிரோடு இருக்கும் செல், ரத்தத்தில் உள்ளவை போல அடிக்கடி புதுப்பிக்கப்படுவதில்லை. எச்.ஐ.வி.யைக் குணப்படுத்தத் தேடுகிறவர்களுக்கு மூளை பெரிய சிக்கலாக இருப்பது இதனால்தான், உயிரோடு இருப்பவரின் மூளையில் துண்டெடுத்துப் பார்க்கவும் முடியாது. சான் டியாகோவில் ‘கடைசிக் கொடை’ என்றொரு ஆய்வு நடக்கிறது. வேறு நோயால் மரணத்தை நெருங்கிவிட்ட எச்.ஐ.வி. உள்ளவர்கள், தாங்கள் இறந்த சில மணி நேரத்துக்குள் மூளை உட்பட உறுப்புகளை எடுத்து ஆராய ஒப்புதல் தருகிறார்கள். அவர்களுக்கு அதில் எந்தப் பலனும் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தே தருகிறார்கள். மூளைக்குள் ஒளிந்திருக்கும் வைரஸைப் பற்றி நாம் அறிந்ததில் கணிசமான பங்கு இப்படிப்பட்டவர்கள் கொடுத்தது.

#17 நதிக்கரை | அக்டோபர் 19, இரவு 8.55

எத்தனையோ பேர் தனிச் செய்தியில் விசாரித்தீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஜூலை முதல் வாரம் மருந்து மாற்றினார்கள்: டோலுடெக்ராவிர், டாருனாவிர், ரிட்டோனாவிர், சிடோவுடின், லாமிவுடின். லாமிவுடினை ஏன் விடவில்லை என்று கேட்டேன், அந்த மாற்றம் கொண்ட வைரஸ் சிடோவுடினுக்கு இன்னும் எளிதாகப் பணியும் என்றார்கள். முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, அந்த மாதம்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கி வந்தார், பாதிப் படியில்தான் அதை அவரே கவனித்து நின்றார். இப்போது கை வரிசை உடையாமல் வருகிறது, 12க்கு 10. செப்டம்பர் கடைசியில் மறுபடி ஊசி போட்டார்கள். தண்டுவட நீரிலும் வைரஸ் கண்டறிய முடியாத அளவு.

எல்லாம் திரும்பிவிடவில்லை. மாலையானால் களைத்துவிடுகிறார், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தொடர முடிவதில்லை. பேரேட்டை அவர் ஒரு தடவை கூட்டுகிறார், நான் ஒரு தடவை கூட்டுகிறேன், விடையை ஒப்பிடுகிறோம். பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

ஒரு சந்தேகம். சிடோவுடினால் ரத்தம் குறையலாம் என்று மாதாமாதம் பார்க்கிறார்கள். ஹீமோகுளோபின் 12.8இலிருந்து 10.4க்கு வந்திருக்கிறது. இரும்புச் சத்தும் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டோலுடெக்ராவிரோடு சேர்த்துப் போடலாமா?

#18 செவிலியக்கா | அக்டோபர் 19, இரவு 9.30

வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது தங்கச்சி, இரும்பு டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேராது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் ஒன்றாகப் போடலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரைப் போட்டு 2 மணி நேரம் கழித்து இரும்பு. இரும்பை முதலில் போட்டுவிட்டால் 6 மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் உள்ள மருந்து குடித்தால் சாப்பாட்டோடு என்ற சலுகை கிடையாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும். உங்கள் மருந்தகத்திலும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் இன்னும் இறங்கினால் மருந்தையே மாற்ற வேண்டிவரும், மாதப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

#19 நதிக்கரை | அக்டோபர் 20, காலை 8.10

நன்றி அக்கா. உங்கள் பதிவை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே கோடு போட்டு எழுதிக்கொண்டார்: ‘காலை 8, சாப்பாட்டோடு எல்லாம். இரவு 8, சிடோவுடின், லாமிவுடின்.’ எழுத்து இன்னும் சின்னதுதான். கண்ணாடி போடாமலே எனக்குப் படிக்க வந்தது.